கவிழ்த்து வைத்த கோப்பை

கிளெமின் கோப்பை சூடாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் போய், பாத்திரம் கழுவி, அடுப்பை அணைத்துவிட்டு, மேல் அலமாரியில் தூசி தட்ட ஏணியில் ஏறியிருந்தாள் வெர்னா. புருஷனின் அண்ணன் கிளெம் செத்து ஆறு வருஷமாகக் கவிழ்ந்தே கிடக்கும் கோப்பையில் விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு நிமிர்த்திப் பார்த்தாள். அடியில் ஈரம் காயாத காப்பி வண்டல் இருந்தது. பைப் புகையிலையின் இனிப்பு வாசனையும், நனைந்த கம்பளிக் கோட்டின் முடைநாற்றமும் அதிலிருந்து மெல்ல ஏறி வந்தன.

லார்க்ஃபெரி ஊரில் அவளிடம் காப்பி குடிக்கும் ஒவ்வொருவருக்கும் கடைச் சுவரில் ஒரு கொக்கியும் அதில் பெயர் எழுதிய கோப்பையும் உண்டு. ஆள் செத்தால் கோப்பை மேல் அலமாரிக்குப் போகும், வாய் கீழாக. அப்புறம் அதில் யாரும் ஊற்றுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. உயிரோடு இருப்பவர்கள் கதை வேறு. தெருமுனையில் வண்டி திரும்புவது தெரிந்தாலே அவரவர் கோப்பையில் ஊற்றி, அவரவர் இடத்தில் வைத்துவிடுவாள். வெர்னா ஊற்றிவிட்டால் ஆள் வந்தே தீர வேண்டும் என்று ஊரே கேலி பேசும்.

கோடையில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்த அன்று வெர்னா ஒரு தப்பு செய்தாள். நாட்டில் மனசுக்குப் பிடித்த சின்ன ஊர்கள் என்று பட்டியல் போடுகிறார்களாம். அதில் வந்தால் வெளியூர்க் கூட்டம் வரும், கடை பிழைக்கும். கடை பிழைத்தால் அவள் புருஷன் ஆரின் இந்த அறுபத்தெட்டு வயதில் பனிச்சாலையில் பால் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கடையில் தீவனக்கடை டேல் ஒருவன்தான் இருந்தான். காலி மேசைகளைப் படம் எடுத்து என்ன பிரயோஜனம்? வெர்னா மேல் அலமாரியிலிருந்து பத்தொன்பது கோப்பைகளை இறக்கி, மேசைக்கு மேசை வைத்து, ஆவி பறக்க ஊற்றினாள்.

"ஏ வெர்னா, அதுல ஊத்தாத. நல்லா இல்ல" என்றான் டேல்.

"சும்மா இரு. எல்லாரும் இப்பதான் எழுந்து போனாங்கன்னு சொல்லிக்கலாம்."

ஜன்னலோர மேசையில் கிளெமின் கோப்பைக்கு எதிரே ஒரு இடம் வெறிச்சென்று இருந்தது. அண்ணனும் தம்பியும் எப்போதும் எதிரெதிரே உட்காருபவர்கள். அவள் யோசிக்கவே இல்லை. ஆரினின் கோப்பையைக் கொக்கியிலிருந்து எடுத்து அங்கே வைத்து, அதிலும் ஊற்றினாள். அன்று ஆரின் ஊரிலேயே இல்லை.

இப்போது ஏணியிலிருந்து அவள் இறங்குவதற்குள் கதவு மணி அடித்தது. டேல் பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு வந்தான். கையில் தபாலில் வந்த பத்திரிகை.

"நம்ம ஊருக்கு ஏழாவது எடம். இனிமே உன்னைக் கையில புடிக்க முடியாது."

படத்தில் காலி நாற்காலிகளும் ஆவி பறக்கும் கோப்பைகளும்தான் இருந்தன. டேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தான். அந்தப் பெண் மரப்பாலத்தைப் புகழ்ந்திருந்தாள், வெர்னா சுட்ட ஆப்பிள் பையைப் புகழ்ந்திருந்தாள். 'இந்த ஊரை மறக்க முடியாமல் செய்வது வெர்னாவின் கடைக் கூட்டம்தான். உட்கார இடமில்லை. ஜன்னலோரம் பைப் புகைத்துக்கொண்டிருந்த பெரியவர் எதிர் நாற்காலியை மட்டும் எனக்குத் தர மறுத்துவிட்டார். அது என் தம்பிக்கு, பனி விழுந்ததும் வந்துவிடுவான் என்றார்.'

டேலின் குரல் தேய்ந்துபோனது. பத்திரிகையை மடித்து மேசைமேல் வைத்தான்.

"அந்தப் பொண்ணு வந்தப்ப நீயும் நானும்தானே இருந்தோம்."

வெர்னா பத்திரிகையை விரித்து, படத்தில் அந்த ஜன்னலோர மேசையைத் தேடினாள்.

"எனக்குக் கடைல வேலை கெடக்கு" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

அவள் கொக்கிகளைப் பார்த்தாள். காலையில் ஆரின் குடித்ததும் கழுவி அவளே மாட்டிய கோப்பை அங்கே இல்லை. எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏணியில் ஏறினாள். கிளெமின் கோப்பைக்குப் பக்கத்தில், சற்றுமுன் காலியாக இருந்த இடத்தில், ஒட்டினாற்போல், ஆரினின் கோப்பை. வாய் கீழாக.

அதைப் பறித்துக்கொண்டு இறங்கி, கல்லாப் பக்கம் வைத்துவிட்டு ஆரினுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்துவிட்டான்.

"இரு, வண்டிய ஓரமா நிறுத்திக்கறேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ நல்லா இருக்கியா?"

"எனக்கென்ன. பாலத்தைத் தாண்டிட்டேன். ரோடுதான் வழுக்குது. குளிர் கொல்லுது, காப்பி ஊத்தி வை."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை மூட்டிக் காப்பி வைத்துவிட்டு, ஜன்னலையே பார்த்திருந்தாள். நாலரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. பனி சத்தமில்லாமல் இறங்கியது. தெருமுனையில் இரண்டு விளக்குகள் திரும்பின. ஆரினின் பால் வண்டிதான். வந்துவிட்டான். நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கெட்டிலை எடுத்தது, தானாக ஊற்றியது, ஜன்னலோர மேசையில் கொண்டுபோய் வைத்தது.

வைத்த பிறகுதான் எந்தக் கோப்பை என்று பார்த்தாள். மேல் அலமாரியில் கவிழ்ந்து கிடந்த ஆரினின் கோப்பை.

வண்டி வாசலில் வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஓட்டுபவர் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்விளக்கு எரிந்தது. இருக்கையில் யாரும் இல்லை. கீழே பனியில் ஒரு காலடிகூட இல்லை.

கதவு மணி அடிக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொன்று. அப்புறம் எல்லாமே. பைப் புகையிலை வாசனை. நனைந்த கம்பளி. நடுவே, புதுசாக, பால் வாசனை.

கரண்டி ஒன்று கலக்கியது. மூன்று சுற்று. விளிம்பில் இரண்டு தட்டு.

நாற்பது வருஷமாக அப்படிக் கலக்குபவன் ஊரில் ஒருவன்தான்.

வெர்னா திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவும் இல்லை. இருட்டின ஜன்னல் கண்ணாடியில் கடை முழுசும் தெரிந்தது. உட்கார இடமில்லை. பத்திரிகையில் எழுதியிருந்தது போலவே. எல்லா முகமும் அவள் முதுகைப் பார்த்திருந்தது.

ஜன்னலோர மேசையில் இரண்டு கோப்பைகள். கிளெமினுடையது காலி. மற்றதில் காப்பி ஒரு மடக்கு குறைந்தது. இன்னொரு மடக்கு.