உலகத்திலேயே ஒரே செடி

இதனால் பினாங்கு வாழ் பெருமக்களுக்கும், பினாங்கில் வாழும் பாக்கியம் கிடைக்காத மற்ற மனித குலத்துக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக விளங்கும் ‘புவனேஸ்வரன் பொன்’ என்னும் அபூர்வ ஆர்க்கிட், கெலுகோரில், ஆர்க்கிட் பிரியர் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர் திரு. புவனேஸ்வரனின் நேரடிப் பராமரிப்பில், பூத்து நலமாக இருக்கிறது.

அறிவிப்பை எழுதியவர் புவனேஸ்வரன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவரும் அவரே. முதல் கட்டைவிரலை உயர்த்தியவரும் அவரே. மூன்று நிமிடம் கழித்து கார்த்திகேசு என்ற உறுப்பினர் பதில் போட்டார்.

“தலைவரே, இதே செடி லிட்டில் இந்தியாவுல அஞ்சு வெள்ளிக்கு விக்குது லா. நான் ரெண்டு வாங்கிட்டேன்.”

புவனேஸ்வரனுக்குக் காது மடல் வரை சுட்டது. மாநிலக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய செடி அது. அதை வைத்து அடுத்த வருடம் அரசாங்கத்தின் டத்தோ பட்டம் வந்துவிடும் என்று சட்டைக்கு அளவு கொடுத்து வைத்திருக்கிறார். அந்தச் செடி, ஐந்து வெள்ளிக்கு, பூக்கடையில் துளசிக்கும் வெற்றிலைக்கும் நடுவில்! அவர் காரை எடுத்துக்கொண்டு நேராக, ஆர்க்கிட் நாற்று வளர்த்து விற்கும் சுபாஷினியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அது. சுவரெல்லாம் கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் கூழ் மாதிரி ஒரு படிவு, அதில் நகக்கண் உயரத்துக்கு இருபத்தைந்து நாற்றுகள்.

“யாரக் கேட்டு விக்கிற?” என்றார், மூச்சு வாங்க.

சுபாஷினி கையுறையைக் கழற்றவில்லை. “நீங்கதான விதைக்காய் கொண்டாந்து குடுத்தீங்க, தலைவரே?”

உண்மை. காட்டுச் செடிக்குப் பதக்கம் கிடையாது என்பது கண்காட்சி விதி. போத்தலில் பிறந்த செடி என்று காகிதம் வேண்டும். அதற்காகத்தான் தன் செடியின் காயைக் கொண்டுவந்து கொடுத்து, நாற்று முளைத்ததும் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார். நாற்றை வாங்கவில்லை.

“காகிதத்துக்குத்தான் குடுத்தேன். மிச்சத்த நீ குப்பையில போட்டிருப்பேன்னு நெனச்சேன்.”

“ஒரு காய்க்குள்ள ஆயிரக்கணக்குல தூசு மாதிரி விதை. காட்டுல ஒண்ணு ரெண்டு தப்பிக்கும். இங்க சீனி, வாழப்பழம், எளநி எல்லாம் குடுக்கிறோம், எல்லாமே பொழைச்சிருது. உயிரோட இருக்கிறத எப்படித் தலைவரே விட்டுட்டு வர்றது?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர்தான் சுவரைப் பார்த்தார்.

விற்றது போக ஆறு போத்தல்கள் அலமாரியில் இருந்தன. ஆறையும் வாங்கி வந்து, வீட்டின் பின்பக்கச் சமையல்கட்டில் மேசைமேல் வரிசையாக வைத்தார். கொதிதண்ணீர் போட்டுக் கொன்றுவிடுவதாகத் திட்டம். மதியம் மூன்று மணி. வெளியே வெயில் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, ஈரமில்லாத அந்தச் சூட்டுக்கு நடுவில், எங்கிருந்தோ, மழையில் நனைந்து மக்கிய இலையும் தலைவலித் தைலமும் அணைந்த சுருட்டும் கலந்த ஒரு வாசனை மெல்ல எழுந்து அவர் மூக்குக்குக் கீழே வந்து நின்றது.

போத்தலை மூடியது ரப்பர் அடைப்பான். அதற்கு மேல் மெழுகுத்தாள். ஒரு கிருமி உள்ளே போகாது. ஒரு வாசனை வெளியே வராது.

குனிந்து மோந்தார். போத்தலில் இருந்துதான் வந்தது.

“என்னாங்க இது,” என்று மனைவி புஷ்பவள்ளி கூடத்திலிருந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். “அந்த சுங்கை பாக்காப் ஆளு வந்துட்டாரா? அய்யாக்கண்ணு? அவரு தைலந்தான இது. இதே மேசையில உக்காந்து நாலு தோசை சாப்ட்டாரே, பாவம்.”

“அவன் ஊருக்குப் போயிட்டான்.”

“எந்த ஊருக்கு? அவரு சம்சாரம் அன்னைக்கு மார்க்கெட்ல என்னையப் பாத்து அழுதுச்சு. மூணு வருசமாத் தேடுதாம்.”

“போயி உன் வேலையப் பாரு!”

அவர் போட்ட சத்தத்தில் கரண்டி ஒன்று ஆணியிலிருந்து விழுந்தது. புஷ்பவள்ளி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கத்துறதுக்கு மட்டும் நல்லா வருது,” என்று போய்விட்டாள்.

அய்யாக்கண்ணு செம்பனைக் குலை வெட்டுகிறவர். எந்த மரமும் ஏறுவார். மூன்று வருடத்துக்கு முன் மலைக்காட்டில் ஓர் உச்சிக் கிளையில் மஞ்சளாக ஒன்று தெரிந்தபோது, திருட்டுத்தனமாக எடுப்பதால் வழிகாட்டி யாரும் இல்லை, அவர்கள் இரண்டே பேர். செடியைச் சாக்கில் கட்டி முதலில் கயிற்றில் இறக்கினார் அய்யாக்கண்ணு. அப்புறம் கிளை முறிந்தது. பாறைமேல் விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. புவனேஸ்வரன் பதறி ஓடி, சாக்கைப் பிரித்து, இலை ஏதும் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒடியவில்லை.

“தவுக்கே, போன் போடுங்க தவுக்கே.”

கீழே போய் ஆள் கூட்டிவருவதாகச் சொன்னார். அப்போது மணி மூன்று. முதலாளி என்ற அர்த்தத்தில் ‘தவுக்கே’ என்று அவரைக் கூப்பிட்ட குரல் பாதி மலை வரை பின்னாலேயே வந்தது. ஆள் வந்தால் செடி போய்விடும், வழக்கு வரும். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் செடிக்குத் தண்ணீர் தெளித்தார். சங்கத் தலைவருக்கு உயிர்கள்மேல் அவ்வளவு பரிவு.

இப்போது கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினார். சன்னல் அவருக்கு வலப்பக்கம். வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. நாற்றுகள் எல்லாம் அவர் பக்கம் சாய்ந்திருந்தன.

கோபத்தோடு ஆறு போத்தலையும் முதுகு திருப்பி வைத்தார். கெண்டி கூவியது. அணைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடியும் அவர் பக்கம். அது மட்டுமில்லை. கண்ணாடிக்கு உள்ளே வேர்நுனிகள், வெளிறி, கொஞ்சம் தடித்து, விரல் பதித்தாற்போல் அமுங்கியிருந்தன.

டொக்.

வேருக்குச் சத்தம் கிடையாது. நான்கு வருடம் ஆகாமல் அந்த இனம் பூக்கவும் பூக்காது. ஆனால் நகக்கண் உயர நாற்றுகளின் உச்சியில், கடுகளவு மொட்டுகள். வெடித்தன. ஒவ்வொன்றாக. மஞ்சள் இதழ். கீழே சிவந்த உதடு.

உதடு அசைந்தது.

“செத்தும் தொல்லை குடுக்கிறியாடா!” கத்திக்கொண்டே கெண்டியைக் கவிழ்த்தார். கண்ணாடி விரிந்தது. கூழ் வழிந்தது. வாசனை சமையல்கட்டை நிறைத்து அவர் தொண்டைக்குள் இறங்கியது. நாற்றுகள் வெந்து சுருண்டன. உதடுகள் மட்டும் மூடவில்லை.

கைப்பேசி ஒலித்தது. குழுவில் கார்த்திகேசு.

“தலைவரே, ஒரு சந்தேகம். நம்ம குட்டிச் செடி ஏன் வெளிச்சத்துப் பக்கம் போகாம கெலுகோர் பக்கமாவே சாயுது?”

அடுத்தது, ஆயர் ஈத்தாமிலிருந்து அஸ்லான்: “எங்களுதும். கிழக்கால.”

சுங்கை பாக்காப்பிலிருந்து காமாரியா: “இங்க கடல் பக்கமா. மூணு மணிக்குப் பூத்திருச்சு தம்பி. யாரோ தைலம் தேய்ச்ச மாதிரி வாடை. உங்க பெரிய செடிக்கும் இப்படியா?”

பெரிய செடி.

பின்கட்டுக் கதவைத் திறந்தார். பதக்கத்தோடு தொங்கிய தொட்டியில் ‘புவனேஸ்வரன் பொன்’ முழுசாக அவர் பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பிய்க்கக் கை நீட்டியபோதுதான் எதிரே நிமிர்ந்தார்.

வேலிக்கு அப்பால் இருபது மாடி அடுக்ககம். எப்போதும் அங்கேதான் இருக்கிறது. மாடிக்கு எட்டு வீடு. துணி காயும் கம்பிகளுக்குக் கீழே, அரிசி டப்பாவிலும், மைலோ டின்னிலும், பாதி வெட்டிய தண்ணீர்ப் போத்தலிலும், ஒரு மாடி விடாமல், மஞ்சள். காற்று இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே நேரத்தில் அவர் பக்கம் வளைந்தன.

உதடுகள் திறந்தன.

தவுக்கே.

ஒரு மாடியிலிருந்து. அப்புறம் எல்லா மாடியிலிருந்தும். மெதுவாக. சண்டை போடாமல். மலைக்காட்டில் கூப்பிட்ட அதே மரியாதையோடு.

போன் போடுங்க தவுக்கே.

கைப்பேசி கையில்தான் இருந்தது. அது அதிர்ந்தது. சுபாஷினி குழுவில் போட்டிருந்தாள்: தேவை அதிகம், இரண்டாவது தொகுதி தயார், அடுத்த வாரத்திலிருந்து விலை நான்கு வெள்ளி.