கலங்காத படம்

படம் தெளிவாக விழுந்திருந்தது. மருமகள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ காமிராவின் சின்னத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மாமனார் படுத்த படுக்கையானதிலிருந்து இடுப்புக்குக் கீழே புண். "தினமும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பக்கத்துல ஸ்கேல் வைங்க, ஆறுதா பரவுதான்னு பார்க்கணும்" என்றிருந்தார் டாக்டர். செல்போனில் வெறும் சிவப்பு மங்கல்தான் வந்தது. கொழுந்தன் தன் பழைய காமிராவையும் ஸ்டாண்டையும் அனுப்பிவைத்தான். போட்டோ எடுப்பதில் கெட்டிக்காரன். பெற்ற அப்பாவை வந்து பார்க்கத்தான் அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை.

போனிலேயே பாடம் நடத்தினான். "பிளாஷ் வேணாம் அண்ணி, ஈரப் புண்ணு, பளபளன்னு அடிக்கும். கிட்டப் போகப் போக லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்குங்க, அப்பதான் முழுசும் தெளிவா விழும். வெளிச்சம் குறையும், அதுக்கு ஷட்டரை மெதுவா விடுங்க. அது மூடுற வரைக்கும் எதுவும் அசையக் கூடாது."

நடக்கிற காரியமா? சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரின் மூச்சில் முதுகு ஏறி இறங்கும், படம் கலங்கும். மூச்சைப் பிடிக்கச் சொன்னால், பாவம், இருமல் பிடித்துக்கொள்ளும். ஒன்று இந்தப் புண் ஆற வேண்டும், இல்லை அவர் கண்ணை மூட வேண்டும், எதுவானாலும் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கலாம் என்று அவள் நினைத்ததுண்டு. நினைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுததும் உண்டு.

இன்று புண்ணின் ஓரம் நூல் பிடித்தாற்போல் விழுந்திருந்தது. ஸ்கேலைப் பிடித்த அவள் விரல்கள்தான் கலங்கியிருந்தன. கொழுந்தனுக்கு அனுப்பினாள். உடனே அழைத்தான்.

"பிரமாதம் அண்ணி! ஷட்டர் எவ்வளவு வச்சீங்க?"

"எட்டு செகண்ட்."

"எட்டு செகண்டும் அப்பா மூச்சு விடலையா?"

"இல்லையே, என்கூடப் பேசிட்டுதானே இருந்தாரு."

போனை வைத்தாள். படத்துக்காக நிறுத்திய மின்விசிறி சும்மா தொங்கியது; சாத்திய ஜன்னலின் இடுக்கில் சாயங்கால வெளிச்சம் மெலிந்துகொண்டே வந்தது; மருந்துத் தண்ணீரின் நெடிக்கு அடியில், புண்ணின் வாடை என்று அவள் இத்தனை நாளாய்ச் சகித்துக்கொண்ட ஏதோ ஒன்று, சர்க்கரை கருகினாற்போல் தித்திப்பாய் மூக்கில் ஏறியது.

"ஏம்மா, இன்னும் முடியலையா?" சுவர்ப்பக்கத்திலிருந்து குரல்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா. பேசிட்டே இருங்க."

ஷட்டரை அரை நிமிஷத்துக்கு வைத்து அழுத்தினாள்.

"நீ சாப்பிட்டியாம்மா? உன் நடையே சொல்லுது. சாப்பிட்டிருக்க மாட்டே. கொஞ்சம் படுத்து எந்திரி."

ஷட்டர் மூடியது. திரையில் முதுகின் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. தெளிவாக. கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

பயமாக இருந்தது. ஓட வேண்டும் என்று தோன்றியது.

"திருப்பிப் போடும்மா. தோள் வலிக்குது."

பழகிய கை தானாகப் போனது. தோள் சில்லென்றிருந்தது. கனத்தது. திருப்பினாள்.

பாதி திறந்த கண்கள். வறண்ட விழிகள். இமைக்கவில்லை. உதடுகள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

"எனக்கு உன்னை விட்டா யாரும்மா இருக்கா?" என்றது குரல், அந்த ஒட்டிய உதடுகளுக்குப் பின்னாலிருந்து. "நாளைக்கும் எடுக்கலாம். நான் எங்கேயும் போகலை."