அக்காவின் கண்ணாடி மேஜை

முக்காலி நகர்ந்திருந்தது. அதைக் கண்ணாடி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் பாவாயி அறைக் கதவைச் சாத்தினாள். ஒரு நாழிகை கழித்துத் திறந்தால், யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல் வெளியே நின்றது.

"என்ன சாமி, படியிலேயே நிக்கறே?" என்றாள் பின்னால் வந்த மாமியார் முத்தாயம்மாள். "உங்கக்கா வந்து பாத்துட்டுப் போயிருப்பா. அவளுக்குப் படைச்ச சீலையை நீ கட்டிக்கிட்டு வா. அப்பத்தான் அவ உன்னை ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். அப்புறம் நீதான் இந்த ஊட்டுக்காரி."

"சரிங்க அத்தை."

பாவாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நடுப்பகல். சுமங்கலியாய்ச் செத்த அக்காவைப் பூவாடைக்காரியாகக் கும்பிட வந்த சொந்தபந்தங்களின் பேச்சும், பக்கத்துக் கடையில் காய்ச்சும் நெய்யின் கனத்த வாசமும் கதவிடுக்கில் வந்துகொண்டிருக்க, மேஜைமேல் மல்லிகை, மஞ்சள், புதுச்சீலை எல்லாவற்றுக்கும் அடியில், போன வருஷமே கழுவிவிட்ட அறையில் இன்னும் போகாத கஷாய நெடி.

ஏற்காட்டை விட்டுப் போன துரை ஒருவரின் பங்களா ஏலத்தில், முத்தாயம்மாளின் மகன் சென்னியப்பன் தன் மனைவி, பாவாயியின் அக்கா நல்லம்மாளுக்காக எடுத்த மேஜை அது. ஈட்டி மரம். நடுவில் பெரிய கண்ணாடி, இருபுறமும் கதவுபோல் மடங்கும் சின்னக் கண்ணாடிகள். ஊரே வந்து பார்த்துப் போனது. படுத்த படுக்கையான அக்காவுக்குப் பணிவிடை செய்ய வந்த பாவாயிக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆசைப்பட்டது பாவமா என்ன? செய்ததுதான் பாவம்.

போன வருஷம் ஒரு நாள் அக்காவின் சீலையைக் கட்டி, அக்காவின் சாந்தில் பொட்டிட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கக் கண்ணாடியில் கட்டில் தெரிந்தது. பேச்சற்றுப் போன நல்லம்மாள் ஒரு கையைத் தூக்கி வாயைக் காட்டினாள். தண்ணீர். பொட்டு காயட்டும் என்று பாவாயி அந்தக் கண்ணாடியை ஒரு விரலால் மடக்கினாள். திரும்பிப் பார்த்தபோது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னாள். தூ, எந்த வாயால் சொன்னாளோ! வருஷம் திரும்புமுன் அதே சென்னியப்பனுக்கு இரண்டாந்தாரமாகக் கழுத்தையும் நீட்டினாள்.

சீலையைத் தொடக் கை கூசியது. தன் முகத்தைப் பார்க்கவே வெட்கம் பிடுங்கித் தின்றது. இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. எனக்கு அருகதையில்லை. நீ என்னை ஏத்துக்காதே. அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

முக்காலி கிரீச்சிட்டது.

கஷாய நெடி. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

தோளில் துணி விழுந்தது. புதுத்துணி. இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று. கொசுவம். மடிப்பு மேல் மடிப்பாக. அவளுடைய கைகள் இரண்டும் முகத்தின்மேல்தான் இருந்தன.

கதவு திறந்தது.

"அடி என் தங்கமே!" முத்தாயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எத்தனை அம்சமாக் கட்டியிருக்கறா, பாருங்க! ஏத்துக்கிட்டா, மகராசி ஏத்துக்கிட்டா!"

கூடத்தில் குலவை எழுந்தது. பாவாயி முகத்திலிருந்து கைகளை எடுத்துக் கண்ணைத் திறந்து, உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

முடியவில்லை. மூன்று கண்ணாடிகளிலும் அவளுக்குப் பின்னால் நல்லம்மாள் நின்றாள். வெடித்த உதடு. வறண்ட நாக்கு. துளியும் கோபமில்லாத முகம். ஒரு கை பாவாயியின் வாயைப் பொத்தியிருந்தது. மறு கை, அவசரமே இல்லாமல், அவள் கொண்டையில் மல்லிகையைச் செருகிக்கொண்டிருந்தது.