பத்தரை மணி முகூர்த்தம்

ஷோபனா அத்தைக்குக் கல்யாணம், அதுவும் அந்தமானில், கடற்கரையில் என்று தெரிந்த நாளிலிருந்து செம்மொழிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாப்பிள்ளை பரணிதரன் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவர். அத்தையும் அங்கேதான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். அந்த ஊரிலிருந்து படகில் போகிற ஒரு குட்டித் தீவில், கடலைப் பார்த்தபடி பந்தல் போடப் போகிறார்கள். அந்த இடத்தின் படங்களை அத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், மாவு மாதிரி வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் தென்னை மரங்கள். செம்மொழி ஒவ்வொரு படத்தையும் நாலு தடவை பார்த்தாள். அவளுடைய தோழி சஃபியாவை ஐந்து தடவை பார்க்க வைத்தாள்.

வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் அந்தப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அப்பா.

செம்மொழியின் அப்பா மதிவாணனுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு விபத்து. அறுவடை நேரத்தில் டிராக்டர் வாய்க்காலுக்குள் கவிழ்ந்துவிட்டது. அதிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரே கைகளை ஊன்றி மாறிக்கொள்வார். தெருவில் சிமெண்டு ரோடு முடிகிற இடம்வரை அவரே ஓட்டிப் போய், அங்கிருந்தபடியே வயல் வேலைகளையெல்லாம் கவனித்துக்கொள்வார். யாராவது பின்னால் வந்து நாற்காலியைத் தள்ளப் பார்த்தால் மட்டும் அவர் முகம் சுண்டிப்போகும்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்.

"ராஜாத்தி, நீயும் பாப்பாவும் கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க. துரைக்கண்ணு சித்தப்பா தாரை வார்த்துக் குடுப்பாரு. நான் வரலை."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

அத்தைக்கு அம்மா அப்பா இல்லை. அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியது அப்பாதான். கல்யாணத்தில் அவள் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்க வேண்டியவரும் அவர்தான்.

"ஏம்ப்பா வரலை?" என்று கேட்டாள் செம்மொழி.

"மணல்ல வண்டி ஓடாது, பாப்பா. நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போவாங்க. அத்தனை பேரு முன்னாடி நெல்லு மூட்டை மாதிரி நான் போய் இறங்கணுமா?"

விஷயம் அத்தைக்குப் போயிற்று. அப்படியானால் கடற்கரையே வேண்டாம், ஏதாவது ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அத்தை. அதற்கும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் வேளாங்கண்ணிக்குப் போனபோது, கடலை விட்டு வரவே மாட்டேன் என்று மணலில் புரண்டு அழுதவள் அவள். அவள் ஆசையைத் தன்னால் மாற்றக் கூடாது, மாற்றினால் பேசவே மாட்டேன் என்றார். அண்ணன் வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அத்தை போனை வைத்துவிட்டாள். அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நடுவில் அம்மாதான் அல்லாடினாள்.

செம்மொழி வேறொன்றை யோசித்தாள். மணலில் வண்டி ஓடாது என்கிறார்களே, யாராவது ஓட்டிப் பார்த்தார்களா?

மணலுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் கரையேறி இறங்கினால் கொள்ளிடம். தை மாதத்தில் ஆறு பாதிக்குமேல் மணல்தான்.

மறுநாள் மத்தியானம் அப்பா கட்டிலில் அயர்ந்து தூங்கியபோது, செம்மொழியும் சஃபியாவும் சக்கர நாற்காலியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். சஃபியா அதில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்பாவின் எடையில் பாதிகூட இல்லை என்பதால், மடியில் ஓர் அரிசிப் பையும் அதன்மேல் ஒரு குடம் தண்ணீரும் வைத்தார்கள்.

செம்மொழி தள்ளினாள். நான்கு அடி போவதற்குள் முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்கள் மணலில் புதைந்தன. நாற்காலி முன்பக்கம் சாய்ந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதும் சஃபியாவின் பாவாடையில்.

"உங்கப்பா மடியில குடம் இருக்காதுல்ல? எனக்கு மட்டும் ஏன் குடம்?" என்றாள் சஃபியா.

அடுத்து தென்னங்கீற்றைப் பரப்பிப் பார்த்தார்கள். அது சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பிறகு மாட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு பலகைகளை எடுத்து வந்தார்கள். ஒன்றின்மேல் ஓட்டி, பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டு, மறுபடி ஓட்டி. அது நடந்தது, ஆனால் ஆமை நடை. இருபது அடி போகக் கால் மணி நேரம் ஆயிற்று. இப்படிப் போனால் தாலி கட்டி, பந்தி முடிந்த பிறகுதான் அப்பா பந்தலுக்கு வந்து சேருவார்.

செம்மொழி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் ஒருவர் மொபெட்டின் பின்னால் மலைபோல் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் வந்தார். அவர் காய்ந்த மணல் பக்கம் வரவே இல்லை. தண்ணீர் ஓரமாகவே, ரோட்டில் போவது போல் போனார்.

செம்மொழி எழுந்து ஓடினாள். மொபெட் போன தடத்தில் குதிகாலால் ஓங்கிக் குத்தினாள். குதிகால்தான் வலித்தது. மணல் அசையவில்லை. தண்ணீரை ஒட்டிப் போனால் கொழகொழவென்று இருந்தது, விலகிப் போனால் பொலபொலவென்று இருந்தது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஈர மணல் தரை மாதிரி இறுகிக் கிடந்தது.

சஃபியாவையும் அரிசிப் பையையும் அங்கே கொண்டு வந்து நாற்காலியைத் தள்ளினாள். அது ஓடியது. இரண்டு விரலால் தள்ளினாலும் ஓடியது.

இருவரும் வீடு திரும்பியபோது, அப்பா விழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டுச் செம்மொழி பார்த்ததில்லை.

"என் காலை எடுத்துக்கிட்டுப் போய் எங்க விளையாடுறே?"

கேட்காமல் எடுத்தது தப்புதான் என்று செம்மொழிக்குத் தெரியும். அதைச் சொன்னாள். ஆனாலும் சொல்ல வந்ததை விடவில்லை.

"விளையாடலைப்பா. ஈர மணல்ல ஓடுது. நாங்க ஓட்டிப் பார்த்துட்டோம்."

அப்பா சக்கரங்களைப் பார்த்தார். டயர் முழுக்க ஈர மணல். நடுநடுவே அரிசி மணிகள். "அரிசி மூட்டையும் நானும் ஒண்ணா? நாளைக்கு நானே வந்து பார்க்குறேன்" என்றார்.

மறுநாள் காலையில், வண்டிகள் இறங்குகிற பாதை வழியாக அவரை ஆற்றுக்குள் இறக்கினார்கள். அம்மா ஒரு பக்கம், செம்மொழி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தண்ணீர் ஓரம்வரை பலகை போட்டுக் கொண்டுபோனார்கள். அப்புறம் அப்பா இருவரையும் விலகச் சொன்னார். தன் கைகளால் சக்கரத்தை உந்தினார். ஒரு முறை போய் வந்தார். மறுபடி போனார். முக்கால் மணி நேரம் ஓயவில்லை. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்துப்போய்த்தான் நின்றார்.

"சரி, இது கொள்ளிடம்" என்றார். "கடல்ல ஈர மணல் எப்போ, எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அது தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கல்யாண ஏற்பாட்டையெல்லாம் கவனிக்கும் பிரகதீஸ்வரி. அந்தத் தீவிலேயே தங்கி வேலை பார்ப்பவர். செம்மொழி அத்தையிடம் எண் வாங்கி அவரை வீடியோவில் அழைத்தாள். சின்னப் பெண் கூப்பிடுகிறாளே, ஐஸ்கிரீம் உண்டா என்று கேட்கத்தான் போலிருக்கிறது என்று நினைத்து, ஐந்து வகை உண்டு என்று பிரகதீஸ்வரி ஆரம்பித்தார். செம்மொழி நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, அங்கே தண்ணீர் எப்போது உள்வாங்கும், சக்கரம் இறங்க வழி உண்டா என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படகுகளைக் கடலில் இறக்க ஒரு சிமெண்டு சரிவு இருக்கிறதாம். விடுதி வாசலிலிருந்து அதுவரை நல்ல பாதை. கடல் உள்வாங்கிய நேரத்தில் சரிவின் அடியிலிருந்து நெடுக ஈர மணல்தான். பந்தலை மரத்தடியிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டுவிடலாம். ஆனால் கல்யாணத்தன்று கடல் நன்றாக உள்வாங்குவது பத்தே முக்கால் மணிக்கு. முகூர்த்தமோ ஏழரை மணிக்கு. அப்போது சரிவின் பாதி தண்ணீருக்குள் இருக்கும்.

பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது.

செம்மொழி உடனே அத்தையைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மறுமுனையில் அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அத்தை விசாரித்தபோது, கல்யாண நாளான அதே ஞாயிற்றுக்கிழமையில் பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை இன்னொரு நல்ல நேரம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெயிலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார்கள். பரணிதரன் தன் அம்மாவிடம் பேசிச் சரிசெய்துவிட்டார்.

கடைசியாகத் தடை சொன்னது அப்பாதான். "நான் ஒருத்தன் வர்றதுக்காக ஊரே வெயில்ல நிக்கணுமா?"

"வெயிலடிச்சா குடை பிடிச்சுக்கலாம்ப்பா. நீங்க வரலைன்னா எதைப் பிடிச்சுக்கிறது?" என்றாள் செம்மொழி.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, தன்னுடைய பட்டு வேட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்கச் செம்மொழியும் சஃபியாவும் பத்திரிகைகளில் 'காலை 10.30 முதல் 12.00 வரை' என்று எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒட்டினார்கள். தலைமை ஆசிரியருக்குப் போன பத்திரிகையில் மட்டும் சீட்டு தலைகீழாக ஒட்டிக்கொண்டது.

கல்யாண நாளும் வந்தது. தீவின் கடல் படத்தில் இருந்ததைவிடப் பச்சையாக இருந்தது. பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் விலகி, ஈர மணல் கண்ணாடி மாதிரி மின்னியது. பந்தலில் நாதஸ்வரம் கேட்டது. அப்பா பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையோடு சிமெண்டுச் சரிவில் தானே நாற்காலியை அடக்கி அடக்கி இறக்கி வந்தார்.

சரிவின் அடியில் நாற்காலி நின்றுவிட்டது.

முந்தின இரண்டு நாளும் அலை பெரிதாக அடித்திருந்தது. உடைந்த கிளிஞ்சலும் பொடி மணலுமாக அது கொண்டுவந்து கொட்டிய மேடு, சரிவுக்கும் ஈர மணலுக்கும் நடுவில் முப்பது அடிக்குக் கிடந்தது. காலையில் தண்ணீர் விலகிய பிறகுதான் அது யார் கண்ணிலும் பட்டது. முன் சக்கரங்கள் அதில் ஆழப் புதைந்தன.

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நான்கு பேர் தூக்குவதற்கு ஓடி வந்தார்கள். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் பக்கத்தில் நின்ற துரைக்கண்ணுத் தாத்தாவிடம், "சித்தப்பா, நீங்களே போய்..." என்று ஆரம்பித்தார்.

"இருங்கப்பா. ஒரு பத்து நிமிஷம்" என்றாள் செம்மொழி.

பலகை வேண்டும் என்று பிரகதீஸ்வரியிடம் கேட்டாள். இனி படகில் போய்த்தான் எடுத்துவர வேண்டும், ஒரு மணி நேரமாகும் என்று அவர் கையைப் பிசைந்தார். செம்மொழி நாலு பக்கமும் பார்த்தாள். பந்தலுக்குள் மணமேடை தெரிந்தது. ஓரடி உயரம். மேலே சிவப்பு விரிப்பு. விரிப்புக்குக் கீழே என்ன இருக்கும்?

அவள் நேராக மேடைக்குப் போனாள். அங்கே பரணிதரன் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா? நீங்க உட்கார்ந்திருக்கிற பலகை வேணும்."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார். செம்மொழி கையை நீட்டி, மேட்டில் புதைந்து நின்ற அப்பாவின் நாற்காலியைக் காட்டினாள். பரணிதரன் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பார்த்தார். மாலையைக் கழற்றி ஐயர் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். விரிப்பைச் சுருட்டி, முதல் பலகையை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. தூக்க வந்த நான்கு பேரும் ஆளுக்கொரு பலகை எடுத்தார்கள். மேடை காணாமல் போயிற்று. மேடை இருந்த இடத்தில் ஈர மணல்மேல் பாயை விரித்து, அக்கினிக் குண்டத்தையும் கீழே இறக்கினார்கள். கிளிஞ்சல் மேட்டின்மேல் பலகைப் பாதை நீளமாக உருவானது.

பதினொன்று அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது அப்பா சக்கரத்தில் கை வைத்தார். பலகைகள் தடதடத்தன. முப்பது அடியும் முடிந்து நாற்காலி ஈர மணலில் இறங்கியது. கூடவே நடந்து வந்தவர்கள் இருந்தார்கள். பின்னால் பிடித்துத் தள்ளியவர் ஒருவரும் இல்லை.

மணமேடை இல்லாததால் யாரும் எங்கும் ஏற வேண்டியிருக்கவில்லை. அத்தை அண்ணனின் முன்னால் வந்து மண்டியிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் பரணிதரனும் மண்டியிட்டார். அப்பா அவள் கையை அவர் கையில் வைத்தார். அம்மா செம்பைச் சாய்த்தாள். அப்பாவின் கை வழியாகத் தண்ணீர் இறங்கி, இரண்டு பேர் கையையும் நனைத்து, மணலில் விழுந்தது. அண்ணன், தங்கை இரண்டு பேரும் அழக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். இரண்டு பேருமே அதைக் காப்பாற்றவில்லை.

தாலி கட்டி முடிந்து, எல்லாரும் பந்திக்குக் கிளம்பினார்கள். இலை போட்டாயிற்று, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா செம்மொழியை அனுப்பினாள். பந்தலில் அப்பா இல்லை. ஈர மணலில் இரண்டு கோடுகள் மட்டும் கடலோரமாக நீண்டு போயின. கோடுகள் முடிகிற இடத்தில், தூரத்தில், அப்பாவின் வெள்ளைச் சட்டை. அவர் கைகள் சக்கரத்தை உந்தி உந்தி விட்டுக்கொண்டிருந்தன.

செம்மொழி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எவ்வளவு வேகமாக ஓடியும், அவளால் அப்பாவை அவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியவில்லை.