தாழ்ப்பாள் போட்ட கதவு

கதவுக்கு அடியில் விரித்திருந்த கறுப்புத் தாளில் இன்றும் மரத்தூள் கிடந்தது. பழைய மரச்சாமான் எதை அரங்குக்குள் கொண்டுவந்தாலும் அடியில் கறுப்புத் தாள் விரிப்பது அருங்காட்சியக வழக்கம். பூச்சி அரித்தால் தூள் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பூச்சி அரித்த தூள் மாவாக இருக்கும். இது சிராய் சிராயாக இருந்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். கருகல் வாடைக்கு நடுவே, அப்போதுதான் சுரண்டிய மரத்தின் பச்சை வாசனை.

கலவரத்தில் எரிந்துபோன வீட்டின் கதவு அது. அரங்கின் நடுவே, இரும்புச் சட்டத்தில் தனியாக நின்றது. தீ தானாகப் பிடித்தது என்றே ஒரு தரப்பு இத்தனை காலமாகச் சாதித்துவந்தது. கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள், உள்பக்கம் நகக் கீறல்கள். கண்காட்சிப் பொறுப்பாளரான அவளும் அந்தத் தரப்பில் பிறந்தவள்தான். அதனால் காலையிலேயே சித்தப்பா போனில் கொதித்தார்.

"நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"தாழ்ப்பாள் போட்டப்போ யோசிச்சிருக்கணும் சித்தப்பா."

சாயங்காலம் இயக்குநரே ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். "தாழ்ப்பாளை மட்டும் கழட்டிடலாம்மா. கதவு இருக்கட்டும். நாளைக்குத் திறப்பு விழா, எதுக்கு வம்பு?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. முடியாது சார். வேணும்னா என்னைக் கழட்டி விட்டுடுங்க."

அவர் கையிலிருந்ததை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் முறைத்துவிட்டுப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது, வெளியே மழை பிடித்தது, கண்ணாடிப் பெட்டிகளில் விளக்குகளின் பிம்பம் மெல்ல ஆடியது, அந்த மழை இரைச்சலுக்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்டது.

சரக். சரக்.

கதவைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனாள். யாருமில்லை. கறுத்துப்போன பழைய கீறல்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று புதுக் கீறல்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிராய் சுருண்டு தாளில் விழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. பார்க்க வருபவர்களுக்குச் சட்டென்று புரியவேண்டும் என்று, சட்டத்தில் துளை போடச் சொல்லி, அவளே தன் கையால் அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டிருந்தாள். மறுநாளிலிருந்துதான் தூள்.

ஓடிவிடலாம். பயமாகத்தான் இருந்தது. அன்று தெருவில் நின்றவர்களுக்கும் பயமாகத்தான் இருந்ததாம். அதனால்தான் யாரும் திறக்கவில்லையாம். சித்தப்பா அப்படித்தான் சொல்வார்.

"நான் அவங்க இல்ல," என்றாள் உரக்க.

வெளிப்பக்கம் வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். சுட்டது. தோல் ஒட்டிக்கொண்டது. விடவில்லை.

இழுத்தாள்.

சத்தம் நின்றது. கதவு தானாக ஒரு விரற்கடை அசைந்தது. இடுக்கில் புகை. பிறகு விரல்கள். கதவின் விளிம்பு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, நகமே இல்லாத விரல்கள்.

"வாங்க," என்றாள். "நாளைக்கு எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாவற்றுக்கும் கீழே இருந்தவை மிகச் சிறியவை. அவை தரையைத் தடவித் தடவி வந்து அவள் கால் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.