அருகில் இருப்பவர்

கிடங்கறைக் கதவை ஒகினோ எட்டி உதைத்தான். "சிஹாரு! வெளையாடுறியா? கதவைத் தொற!"

நிப்பொன்பாஷி தெருவின் சாயங்கால மழை அவனுடைய பழைய வீடியோ கேம் கடைக் கூரையில் சடசடத்துக்கொண்டிருக்க, பழைய பிளாஸ்டிக் வாடையோடு, எத்தனை துடைத்தும் போகாத ஓர் இனிப்பு நாற்றம் கதவிடுக்கு வழியே கசிந்து வந்து அவன் தொண்டைக்குள் இறங்கியது. கையில் பழைய கேம் கருவி. அதன் தலையில் வண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது, ஒயரில்லாமல் பக்கத்துக் கருவிகளோடு பேசவைக்கும் அடாப்டர்.

தனியாகச் செத்து, நாறிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறவர்களின் வீடுகளைக் காலி செய்யும் கம்பெனி அனுப்பிய பெட்டியில் வந்தது அது. மத்தியானம் பெட்டியைப் பிரிக்கும்போதே சிஹாரு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தீட்டுக் கழியக் கொஞ்சம் உப்பாவது தூவிட்டு உள்ள எடுங்க, முதலாளி."

"உப்புப் போட்டு ஊறுகாயா வெக்கப்போறோம்? இந்தக் குப்பையைக் கிளறி வாங்கவே ஒரு கூட்டம் வரும். பொண்டாட்டி, புள்ள, நண்பன்னு ஒரு நாதியும் இல்லாத கூட்டம். செத்தவனும் அதுல ஒருத்தன்தான்."

வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவியைப் போட்டான். 'அருகில் இருப்பவர்' என்ற வரிக்குக் கீழே ஒரு பெயர்.

தோமா.

அந்த அடாப்டர் ஓர் அறையைத் தாண்டி எட்டாது. கடையிலோ அவர்கள் இருவர்தான். 'தோமாவின் ஆட்டத்தில் சேர்கிறீர்களா?' என்றது திரை. பெயர் கேட்ட இடத்தில் ஒகினோ இளக்காரமாக எதையோ தட்டிவிட்டுச் சேர்ந்தான்.

"எவனோ பொடிப்பய கிடங்குல ஒளிஞ்சிருக்கான். காதைப் புடிச்சு இழுத்துட்டு வா."

"நீங்களே போறதுதானே?"

"பயந்தாங்கொள்ளி! சம்பளம் எதுக்கு வாங்குற?"

முறைத்துவிட்டுப் போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. 'சிஹாரு ஏற்றுக்கொள்ளப்பட்டார்' என்றது திரை.

அதன்பின் அவள் குரல் கேட்கவேயில்லை.

மறுபடி உதைத்தான். அசையவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. விலகும் பொத்தானை மாறி மாறி அழுத்தினான். 'ஆட்டத் தலைவர் அனுமதிக்கவில்லை.' அடாப்டரைப் பிடுங்கி எறிந்தான். பெயர்கள் போகவில்லை. பேட்டரியை உருவினான். திரை அணையவில்லை.

உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம். பொத்தான்கள்.

"சிஹாரு... நல்ல பொண்ணுல்ல... வந்துடும்மா..."

கதவு திறந்துகொண்டது.

விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. பிறகு பார்த்தான். கீழ்த்தட்டில். ஒரு பெட்டி மட்டுமே நுழையும் இடத்தில். முழங்கால்கள் காதுகளுக்குப் பின்னால் போயிருக்க, மனித உடம்பு மடங்க முடியாத மடிப்பில் சிஹாரு. வெறுங்கைகளில் கட்டைவிரல்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. டக். டக். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஜோடிக் கை, கறுத்து ஊறிப்போன கை, அவளை இறுக்கி அணைத்திருந்தது.

தலை நிமிராமலே கேட்டாள்.

"சேர்றவங்க பேரக் கேட்டப்போ... என் பேர ஏன் முதலாளி போட்டீங்க?"