சாந்தாமணி சொல்லாத சேதி

காந்தி ஜெயந்தி, காலை பதினொன்றரை. கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். கிராம சபைக்காகப் பள்ளி மைதானத்தில் போட்டிருந்த நாற்காலிகள் முக்கால்வாசி காலியாகக் கிடந்தன. போதுமான ஆள் சேரவில்லை, கூட்டம் செல்லாது என்று எழுதிக்கொண்டு அதிகாரி கிளம்பினார். குட்டையோரம் சாயப்பட்டறை வரக்கூடாது என்ற தீர்மானமும் அத்தோடு நின்றுபோனது.

அந்தத் தீர்மானத்துக்காக மாதக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கியவர் ஊராட்சித் தலைவி சாந்தாமணி. வர வேண்டாம் என்று முந்தின நாள் ஊருக்குச் சொன்னதும் அவர் குரல்தான்.

"நாளைக்குக் கூட்டம் இல்லீங்க. தேதி அப்புறம் சொல்றனுங்க. யாரும் வந்து அலைய வேண்டாமுங்க."

தெருவுக்கொரு வாட்ஸப் குரூப். எல்லாவற்றிலும் அது சுற்றியிருந்தது. சாந்தாமணி இருக்கும் பெரிய குரூப்பில் மட்டும் வரவில்லை. இப்போது அதே தெருக் குரூப்புகளில், தலைவி பட்டறைக்காரனுக்கு விலைபோய்விட்டார் என்று பேச்சு.

"சாயங்காலம் ராஜினாமா குடுத்துப்போடறேன் கண்ணு," என்றார் மகளிடம். "குரல் என்னுதுதான். ஆனா நான் பேசவே இல்லையே!"

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்கம்மா," என்றாள் லோகப்பிரியா. கல்யாணமாகிக் கோவைக்குப் போனவள், லீவுக்குக் கணவன் பாலகோபாலோடு வந்திருந்தாள்.

பாலகோபால் பைக்கை எடுத்தான். "உங்க ஊர்ல நேத்துத்தான் முதல் தடவையா நிம்மதியாத் தூங்குனேன். அதுக்குள்ள இப்படியா?"

"மாமியார் கை பணியாரம் அப்படி. வண்டிய எடுங்க."

முதலில் கிருபாசங்கரின் மொபைல் கடை. ஊர் குரூப்புகளை ஆரம்பித்து வைத்தவனே அவன்தான்.

"முதல்ல போட்டது யாரு?"

"தெரியாத நம்பருங்க அக்கா. இப்ப சுவிட்ச் ஆப். ஏ.ஐ. வேலையா இருக்கும்னு பேசிக்கறாங்க. அரை மணி நேரத்துல ஊரு பூரா போயிருச்சு. ஒரு வாரமா தறி ஸ்ட்ரைக்கு பாருங்க, எல்லார் கையிலயும் போன்தான்."

"அம்மாவை ஒருத்தர்கூடக் கூப்பிட்டுக் கேக்கலையே?"

"அவங்க குரலே வந்துருச்சு. அப்புறம் என்னத்தைக் கேக்கறதுங்க?"

"அம்மா போன் எப்பவாவது உங்ககிட்ட இருந்துச்சா?"

அவன் முகம் சுண்டியது. "போன ஐப்பசி மழையில நனைஞ்சு ரிப்பேருக்கு வந்துச்சுங்க. அப்ப நடக்க இருந்த கூட்டமும் தள்ளிப்போச்சு. ஏனுங்க, என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"இன்னும் இல்லை," என்றாள்.

வெளியே வந்ததும் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டாள். பாலகோபாலின் முகத்தைப் பார்த்தாள். அவன் தூங்கிய தூக்கம் நினைவுக்கு வர, அம்மாவுக்குப் போன் போட்டாள். "மாமா குடோனுக்கு வாங்கம்மா. அங்க பேசிக்கலாம்."

மாலை நான்கு மணி. தனபால் சாந்தாமணியின் தம்பி. லோகப்பிரியாவுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்த தாய்மாமன். அவருடைய தறிக்குடோனில் தறிகள் வரிசையாக ஓய்ந்து நின்றன.

"அக்கா, ராஜினாமா குடுத்துட்டு நிம்மதியா இருங்க. மானம் பெருசு," என்றார் தனபால்.

லோகப்பிரியா போனை ஒரு தறியின் மேல் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றினாள். அம்மாவின் குரல் எழுந்தது. அதற்குப் பின்னால், அந்த அமைதியான குடோன் முழுக்க நிறைந்தது இன்னொன்று. டடக் டடக் டடக்.

"தறி ஓடுதே!" என்றான் பாலகோபால்.

"ஆமாங்க. ஊர்ல ஒரு வாரமா எந்தத் தறியும் ஓடலை. அதனாலதான் நீங்க தூங்குனீங்க. அப்ப இது நேத்துப் பேசுன பேச்சில்லை. ஏ.ஐ.யும் இல்லை, அதுக்குத் தறி ஓட்டத் தோணாது. பழைய குரல். அதுவும் தறிக்குப் பக்கத்துல நின்னு பேசுனது."

"ஊர்ல எத்தனையோ குடோன் இருக்குது அம்மணி," என்றார் தனபால்.

"அம்மா, போன ஐப்பசியில உங்க போன் ரிப்பேர்ல இருந்தப்போ, கூட்டம் தள்ளிப்போனதை யாரு போன்ல பேசுனீங்க?"

சாந்தாமணி தம்பியைப் பார்த்தபடியே சொன்னார். "மழைக்கு இங்கதான் ஒதுங்கினேன். உன்ற போன்லதான் வாட்ஸப்புக்குப் பேசுனேன் தனபாலு. டவர் இல்லாம அது போகவே இல்லை. அப்புறம் ஆட்டோவுல மைக் கட்டித்தானே ஊருக்குச் சொன்னோம்!"

"போகாத சேதி வேற யாரு போன்லயும் இருக்காதுங்களே, மாமா," என்றாள் லோகப்பிரியா மெதுவாக. "பொறந்ததுல இருந்து இந்தச் சத்தத்துலயே இருக்கறீங்க. உங்க காதுக்கு அது தெரியலை. ஊருக்கும் தெரியலை."

தனபால் தறிமேடையில் உட்கார்ந்துவிட்டார். "குட்டையோரத்துல என்ற நிலம் கெடக்குது. பட்டறைக்காரன் கேட்டான். தறி ஓட்டி இனிப் பொழைக்க முடியாது, அதையாவது குடுத்துப்போடலாம்னு புது சிம் வாங்கி அதுல இருந்து போட்டுட்டேன்... அக்கா மேல பழி வரும்னு நெனைக்கலை கண்ணு."

"அதைக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே," என்றார் சாந்தாமணி. "நாலு பேரு உனக்காகவும் பேசியிருப்பாங்க. எங்களைப் பேசவே விடாம பண்ணிப்போட்டியே!"

தனபால் தன் போனை எடுத்தார். நடந்ததைச் சொந்தக் குரலில் சொல்லி, சிறப்புக் கூட்டம் வரும் என்றும் சேர்த்து எல்லாக் குரூப்பிலும் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் சாந்தாமணியின் போன் அடித்தது. மேற்குத் தெரு ராசாத்தாள்.

"ஏனுங்க தலைவியம்மா, உங்க தம்பி குரல்ல ஒண்ணு வந்திருக்குதுங்க. நெசந்தானுங்களா?"

காலையிலிருந்து சிரிக்காத சாந்தாமணி சிரித்துவிட்டார். "நெசந்தான் ராசாத்தா. கேட்டியே, அதுவே போதும்."

வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. தம்பி பக்கத்தில் தறிமேடையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லத் தொடங்கினார் ஊராட்சித் தலைவி.